மீண்டும் பாட வந்த மெட்டு

அமெரிக்க இசைக்கல்வி ஆய்வர் ஜான் கிராட்டஸ் 1989 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 7, 9, 11 ஆகிய அகவைகளில் இருந்த 60 சிறார் அதில் பங்கேற்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மின்விசைப்பலகையும் 10 மணித்துளி நேரமும் தரப்பட்டன. அதற்குள் புதிதாக ஒரு மெட்டு அமைக்க வேண்டும். அமைத்ததை முடிவில் இருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பத்து மணித்துளியும் எவ்வாறு கழிந்தன என்பதையே கிராட்டஸ் அளந்தார். புதிய ஒலிகளைத் தேடுதல், கிடைத்ததைச் சற்று மாற்றி வளர்த்தல், முன்பு வாசித்ததையே திரும்ப வாசித்தல், வாசிக்காமல் அமைதியாக இருத்தல் என நால்வகையாக அந்நேரத்தைப் பகுத்தார். 7 அகவையினர் பெரும்பொழுதைத் தேடுவதிலேயே கழித்தனர். அகவை ஏற ஏறத் தேடல் குறைந்தது. வளர்த்தலும் திரும்ப வாசித்தலும் மிகுந்தன.

குழந்தைகளுக்கு எளிய மெட்டுகள் அமைக்கக் கற்பிப்போர் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதற்செய்தி, இருமுறை வாசித்துக் காட்டச் சொன்ன அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஒரு குழந்தையின் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடும்போது இனிய ஒலித்தொடர் ஒன்று தற்செயலாகவும் பிறக்கலாம். அத்தொடரே இரண்டாம் முறையும் வருமானால், அது விரலை விட்டு நினைவில் ஏறிவிட்டது என்று பொருள். நினைவில் நிற்பதைத்தான் மாற்ற முடியும். மாற்றிப் பார்த்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிட முடியும். ஒப்பிட்டு ஒன்றைத் தெரிவு செய்ய முடியும். இசையமைத்தல் எனப்படும் செயல் முழுவதும் இந்தத் தெரிவில் அடங்கியிருக்கிறது. ஆகவே குழந்தையின் நினைவுக்கு எட்டும் அளவில் மெட்டை வைப்பதே ஆசிரியரின் முதற்கடமை என்பது என் துணிபு.

அந்த நினைவு எதனால் ஆனது? தனித்தனிச் சுரங்களால் ஆனது என்று பெரியவர்களாகிய நாம் எண்ணிக்கொள்கிறோம். எழுத்துகளைக் கற்றபின் சொற்களைக் கற்பதுபோல் இசையையும் சுரம் சுரமாகக் கற்பிக்கிறோம். செவியின் இயல்போ வேறு. கனடாவில் சாண்ட்ரா டிரெகப்பும் அவருடன் உழைத்தோரும் ஓராண்டு நிரம்பாத குழவிகளிடம் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஒரு சிறு மெட்டைக் கேட்டுப் பழகிய குழவி, அம்மெட்டு முழுவதையும் வேறு சுருதிக்கு உயர்த்தி ஒலித்தாலும் பழகியதாகவே ஏற்கிறது. ஆனால் ஏறிய இடத்தில் இறங்கியும் இறங்கிய இடத்தில் ஏறியும் மெட்டின் போக்கு மாறினால் உடனே கவனிக்கிறது. சுரங்களின் பெயரை அறியுமுன்பே, பேச்சு வருமுன்பே, ஏற்ற இறக்கத்தின் வடிவம் செவியில் பதிகிறது.

இவ்வுண்மையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்களில் தலையாயவர் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜீன் பாம்பெர்கர். மாண்டிசோரி பள்ளிகளில் பயன்படும் மணிகளை அவர் சிறாரிடம் கொடுத்தார். சிறு தண்டின் மேல் காளான் குடைபோல் கவிந்திருக்கும் அம்மணிகள் அளவிலும் தோற்றத்திலும் ஒன்றுபோலிருக்கும். சுத்தியலால் தட்டினால் மட்டுமே ஒவ்வொன்றும் எந்தச் சுரம் என்பது தெரியும். தெரிந்த பாட்டு ஒன்றை அவற்றில் அமைக்கச் சொன்னபோது, இசைப் பயிற்சி பெறாத சிறார் மணிகளைத் தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை வரிசைப்படுத்தவில்லை. பாட்டில் எது முதலில் வருகிறதோ அதை முதலிலும், அடுத்து வருவதை அடுத்தும் வைத்தனர். முன்பு வந்த சுரமே பாட்டின் பிற்பகுதியில் மீண்டும் வந்தால், முந்தைய மணிக்குத் திரும்பாமல் அதே ஒலியுடைய வேறொரு மணியைத் தேடி எடுத்து வரிசையின் கடைசியில் சேர்த்தோரும் உண்டு. அவர்கள் செவிக்குத் தொடக்கத்தில் நின்ற சுரமும் முடிவில் நின்ற சுரமும் வெவ்வேறானவை. அவை பாட்டில் செய்யும் பணி வேறு. பாம்பெர்கர் இதைப் பிழை என்று ஒதுக்காமல், உருவம் சார்ந்த இசையறிவு எனக் குறித்தார். குழந்தைகளிடம் உள்ளதை அழித்துவிட்டு வேறொன்றை ஊன்ற வேண்டியதில்லை என்ற இந்தப் பார்வை இசைக்கல்விக்கு அவர் செய்த பெருந்தொண்டு.

அதன் விளைவாக அவர் உருவாக்கிய கணினிக் கருவியில் சுரங்கள் தனித்தனியே தரப்படவில்லை. சில சுரங்கள் சேர்ந்த இசைத்துணுக்குகள் சிறு கட்டங்களாகத் திரையில் நிற்கும். கட்டத்தின் மேல் சுரப்பெயரோ குறியீடோ இராது. அழுத்திக் கேட்டால்தான் உள்ளிருப்பது தெரியும். சிறார் அவற்றைக் கேட்டு, அடுக்கி, மீண்டும் கேட்டு, இடம் மாற்றுவர். முதலில் தெரிந்த பாட்டொன்றைத் துணுக்குகளிலிருந்து திரும்பக் கட்டுவர். பின்னர் தமக்கென ஒரு மெட்டைக் கட்டுவர். எந்தத் துணுக்கு தொடங்கத் தகும், எது முடிக்கத் தகும், எது இருமுறை வரலாம் என்ற வினாக்கள் யாரும் கேளாமலே எழும்.

கணினி இல்லாத பள்ளியிலும் இம்முறை கைகூடும். நம் தொடக்கப் பயிற்சிகளையே பாருங்கள். வரிசைகளும் அலங்காரங்களும் ஒரு சிறு வடிவத்தை எடுத்து, அதைப் படிப்படியாக ஒவ்வொரு சுரமாக நகர்த்தும் அமைப்புடையவை. குழந்தை அவற்றை மனப்பாடம் செய்கிறது. அவற்றில் உள்ள அமைப்பு விதியை மட்டும் நாம் அதன் கையில் கொடுப்பதில்லை. ‘ச ரி க’ என்ற மூன்று சுர வடிவத்தை ஒரு படி நகர்த்தினால் என்ன வரும் என்று கேட்டுவிட்டு, பின்பு உன் சொந்த மூன்று சுரங்களை எடுத்துக்கொள் என்று சொன்னால் அதுவே இசையமைப்பின் முதல் பாடம். செவிப்பழக்கமும் நினைவாற்றலும் இத்துணை ஆழமாக வேரூன்றிய மரபில், சிறார் தம் மெட்டைத் தாமே கட்டும் வாய்ப்பு இவ்வளவு அரிதாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எந்தச் சுரங்களைக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. நொடிக்கு 240 அதிர்வுள்ள ஒலியைச் ‘ச’ என்று கொள்வோம். இயற்கை விகிதங்களின்படி ‘ரி’ 270, ‘க’ 300, ‘ப’ 360, ‘த’ 400, மேல் ‘ச’ 480 ஆகும். அடுத்தடுத்த சுரங்களை வகுத்துப் பார்த்தால் 9:8, 10:9, 6:5 ஆகிய விகிதங்களே வருகின்றன. அரைச்சுர இடைவெளியான 16:15 இவ்வைந்திற்குள் எங்கும் இல்லை. 300 அதிர்வும் 320 அதிர்வும் ஒருங்கே ஒலித்தால் நொடிக்கு 20 முறை ஒலி விம்மித் தாழும். செவி அதைக் கரகரப்பாக உணரும். அத்தகைய நெருக்கம் இல்லாததால் இந்த ஐந்து சுரங்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் காது முகம் சுளிப்பதில்லை.

இவ்வைந்தும் பிறக்கும் முறையும் அழகானது. ‘ச’வில் தொடங்கி 3:2 என்ற விகிதத்தில் ஏறிச் சென்றால் ‘ப’ வரும். அதிலிருந்து ‘ரி’, பிறகு ‘த’, பிறகு ‘க’. ஆறாவதாக ‘நி’ வரும்போதுதான் மேல் ‘ச’வை அரைச்சுரத் தொலைவில் நெருங்குகிறோம். மோகனப் பண்ணின் சுரங்கள் இந்த முதல் ஐந்தே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணியை இன்றைய மோகனம் என இசையாய்வாளர் பலர் கொள்வர். அக்குரவையில் மாதரி ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே சூட்டுகிறாள். பெண்கள் சுரங்களாகவே நிற்கிறார்கள்! இன்றைய வகுப்பில் ஐந்து குழந்தைகளை இப்படி நிறுத்தி, ஆறாவது குழந்தை கைகாட்டும் வரிசையில் அவரவர் தம் சுரத்தைப் பாடச் செய்யலாம். மெட்டு அப்போது கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது. கைகாட்டிய குழந்தை தான் காட்டிய வரிசையை மீண்டும் காட்டும் முயற்சியில் நினைவைத் தீட்டிக்கொள்கிறது.

செருமனியின் கார்ல் ஓர்ஃபும் ஐந்திசையையே தம் கல்வி முறையின் வாயிலாகக் கொண்டார். 1924 இல் மியூனிக் நகரில் தொடங்கிய பள்ளியில் அசைவையும் இசையையும் இணைத்துக் கற்பித்த பட்டறிவு, 1948 இல் பவேரிய வானொலியில் குனில்ட் கீட்மனுடன் சேர்ந்து சிறாருக்காக அவர் நடத்திய ஒலிபரப்பில் விரிந்தது. அவருடைய வகுப்புகளில் வழங்கும் கட்டை இசைக்கருவிகளின் சட்டங்களைக் கழற்றி எடுத்துவிடலாம். வேண்டாத சுரங்களை எடுத்துவிட்டால், எஞ்சிய ஐந்தில் குழந்தை அச்சமின்றித் தட்டும்.

அத்தகைய கருவி வாய்க்காத இடத்தில் ஐந்து பீங்கான் கிண்ணங்களும் ஒரு குடம் நீரும் போதும். கிண்ணத்தின் விளிம்பைத் தட்டும்போது நடுங்குவது அதன் சுவர். நீர் கூடக் கூட அச்சுவர் சுமக்கும் பொருண்மை கூடுகிறது, நடுக்கம் மெதுவாகிறது, சுரம் தாழ்கிறது. அதே நீரைப் புட்டியில் ஊற்றி வாயால் ஊதினால் நேர்மாறாகச் சுரம் உயரும். அங்கே நடுங்குவது காற்று, நீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்த குழந்தைக்கு, எது அதிர்கிறது என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். கரண்டியால் நீரை ஏற்றியும் இறக்கியும் தன் கிண்ணத்தைத் தோழியின் கிண்ணத்தோடு இசைவிக்க முயலும்போது அது கேட்கும் கூர்மை, வேறெந்தப் பயிற்சியிலும் எளிதில் வாராதது.

ஐந்திசையில் ஓர் இடரும் உண்டு. எதை அடுக்கினாலும் நன்றாகவே ஒலிப்பதால், தெரிவு செய்ய வேண்டிய தேவையே எழாமல் போகலாம். குழந்தை மணிக்கணக்கில் தட்டி மகிழும், மெட்டு பிறவாது. எனவே சுரங்களைக் குறைத்ததுபோல் நீளத்தையும் குறைத்துக் கட்ட வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை இதற்குப் பொருத்தமான அளவு. எட்டில் ஒரு கேள்வி, எட்டில் ஒரு விடை, அவ்வளவே.

ஒரு மெட்டை எடுத்துப் பார்ப்போம். கேள்வி வரி: ச ரி க க, ப த ப –. விடை வரி: ப த ப க, ரி ரி ச –. முதல் வரி ஏறிச் சென்று ‘ப’வில் தங்குகிறது. ‘ப’ உறுதியான சுரம்தான். ஆனால் வீடு அன்று. கேட்பவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பர். இரண்டாம் வரி, முதல் வரியின் வாலாகிய ‘ப த ப’வையே தலையாக எடுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த மூன்று சுரங்கள் இரு வரிகளையும் தைக்கின்றன. அவை மீண்டும் வருவதால்தான் 16 எண்ணிக்கை நீளமுள்ள மெட்டு குழந்தையின் நினைவில் பாதிச் சுமையோடு அமர்கிறது.

இப்போது விடை வரியின் கடைசிச் ‘ச’வை ‘ரி’ ஆக்கிப் பாடிக் காட்டுங்கள். “இன்னும் முடியல” என்று சிறார் சொல்லிவிடுவர். அடுத்து, கேள்வி வரியின் கடைசிப் ‘ப’வைச் ‘ச’ ஆக்குங்கள். முதல் வரியிலேயே கதை முடிந்துவிட்டது என்பர். தம் வாயாலே இரண்டையும் சொன்ன பிறகு, எந்தச் சுரத்தில் நிறுத்துவது என்பது அவர்களுக்குப் பொருளுள்ள கேள்வியாகிவிடுகிறது. அதன்பின் கேள்வி வரியை ஆசிரியர் கொடுத்து, விடை வரியை மட்டும் குழந்தையிடம் கேட்கலாம். இரண்டையும் குழந்தையே அமைப்பது பிறகு வரட்டும். சுரங்களை மாற்றாமல் காலத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் நன்று: ‘ச ரி க க’ என்பதைச் ‘ச – ரி க’ என்றால் நடை எப்படித் தளர்கிறது என்பதைக் கைத்தாளமே காட்டிவிடும்.

திருத்தும் முறையில் மிகுந்த மென்மை வேண்டும். “இது நன்றாயில்லை” என்பதும் “மிக நன்று” என்பதும் ஒரேயளவு பயனற்றவை; இரண்டும் குழந்தையின் செவியை விட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வைக்கின்றன. “மறுபடியும் பாடு”, “எந்த இடத்தை மாற்றினாய்?”, “எது உனக்கு வேண்டும், முந்தியதா பிந்தியதா?” ஆகிய மூன்றும் போதும். கைப்பேசியில் பதிவு செய்து வைப்பது பின்னாளில் உதவும். ஆயினும் முதல் சில வாரங்கள் அதை ஒதுக்கி வைக்கவே சொல்வேன். கருவி நினைவில் கொள்ளும் என்றால் குழந்தை நினைவில் கொள்ளாது. மறந்துவிடுமோ என்ற கவலை வரும்போது தானே கோடுகளும் புள்ளிகளும் வரைந்து குறித்துக்கொள்ளட்டும். ஏறும் இடத்தில் ஏறும் கோடு, நீளும் சுரத்துக்கு நீண்ட கோடு என்று அது கண்டுபிடிக்கும் குறியீடு, பின்னர் சுரக்குறிப்பைக் கற்கும்போது எதற்காக அக்குறிப்பு என்ற விளக்கத்தைத் தானே தந்துவிடும்.

எல்லாக் குழந்தையிடமும் ஒரே நாளில் இதை எதிர்பார்க்கலாகாது. இங்கிலாந்தில் கீத் சுவான்விக்கும் ஜூன் டில்மனும் 3 முதல் 11 அகவை வரையிலான 48 சிறார் அமைத்த 745 இசைப்படைப்புகளை ஆராய்ந்து 1986 இல் வெளியிட்டனர். மிக இளையோர் ஒலியின் மேலேயே மயங்கி நிற்கின்றனர். உரத்த ஒலி, மெல்லொலி, அதிரும் ஒலி ஆகியவையே அவர்களுக்கு இன்பம். பின்பு ஒலியைக் கையாளும் திறன் வருகிறது, அடுத்து உள்ளுணர்ச்சி, அதன்பின் ஏழெட்டு அகவையளவில், பலரும் அறிந்த மெட்டுகளின் ஒழுங்கான வடிவம். அந்த ஒழுங்கை வேண்டுமென்றே மீறி வியப்பூட்டும் ஆவல் அதற்கும் அப்பாலது. நான்கு அகவைக் குழந்தையிடம் கேள்வி வரியும் விடை வரியும் கேட்பது முறையன்று. கிண்ணத்தைத் தட்டி, அது ஓயும்வரை காது கொடுத்திருப்பதே அதற்கு உரிய பாடம்.

பத்து அகவைக்காரனோ வேறு வகை. ஐந்து சுரங்களில் பல மெட்டுகள் கட்டிய பிறகு, ஒரு நாள் ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் இடையே ஏதோ விடுபட்டிருப்பதாக அவன் சொல்வான். அவன் வாய் 320 அதிர்வுள்ள ‘ம’வைத் தேடுகிறது. அப்போது ஆறாவது கிண்ணத்தை எடுத்து வைக்கலாம். 300 அதிர்வுள்ள ‘க’வுக்கு அது 16:15 என்ற நெருக்கத்தில் நிற்பதால், தனியே நிற்க மாட்டாமல் ‘க’வை நோக்கிச் சரியும் தன்மை அதற்குண்டு. அந்தச் சரிவை அவன் தன் மெட்டில் எங்கே வைக்கிறான், ‘ம’வில் எவ்வளவு நேரம் தங்கிவிட்டு இறங்குகிறான் என்பவற்றை ஆசிரியர் பேசாமல் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்பதற்கு முன்பே ஏழு கிண்ணங்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால், ‘ம’வும் மற்றொரு கிண்ணமாகவே அவனுக்குப் பட்டிருக்கும்.