முதல் சில வரிகளிலேயே முடிவாகிவிடும் குரல்

பைத்தானில் மைக்கிலிருந்து குரலைப் பதிவு செய்ய ஐந்தாறு வரி போதும். சவுண்ட்டிவைஸ் என்ற லைப்ரரியை இணைத்து, எத்தனை விநாடி, விநாடிக்கு எத்தனை சாம்பிள், எத்தனை சேனல் என்று சொல்லிவிட்டால் வேலை தொடங்கிவிடும். கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள், குரலறியும் மென்பொருள் எழுதுபவர்கள், தாலாட்டையும் ஒப்பாரியையும் வட்டார வழக்கையும் சேகரிப்பவர்கள் எனப் பலருக்கும் இது கைக்கெட்டும் கருவி. ஆனால், அந்தச் சில வரிகளில்தான் பதிவின் தரம் முடிவாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவாகாமல் போன ஒலியைப் பிற்பாடு எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது.

விநாடிக்கு எத்தனை?

குரல் எழுப்பும் காற்றழுத்தத்தில் மைக்கின் மெல்லிய சவ்வு அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னழுத்தமாகிறது. அதைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக, அதாவது சாம்பிள்களாக, எழுதிவைப்பதே டிஜிட்டல் பதிவு. எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும் என்பதற்கான கணக்கை ஹாரி நைக்விஸ்ட் 1928இலும் கிளாட் ஷானன் 1949இலும் எழுதிய கட்டுரைகள் தெளிவாக்கின: ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கைவிட அதிகமாக அளக்க வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளில் பழகும் மேட்லேபில் ‘ஆடியோரெக்கார்டர்’ என்று மட்டும் எழுதி, வேறெதுவும் சொல்லாமல் விட்டால், அது விநாடிக்கு 8,000 சாம்பிள், 8 பிட் என்ற கணக்கில் பதிவு செய்யும். அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் கிடைக்காது. பழைய தொலைபேசி அளவு இதுதான். பேச்சு புரியும். ஆனால் ‘ஸ்’ என்ற ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. போனில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ‘எஸ்’ஸா, ‘எஃப்’பா என்று எதிர்முனையில் மறுபடி கேட்பது இதனால்தான்.

உயர்ந்த அதிர்வெண்களை முன்கூட்டியே வடிகட்டாமல் குறைவான வேகத்தில் அளந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. விநாடிக்கு 8,000 முறை அளக்கும்போது 5,000 ஹெர்ட்ஸ் ஒலி 3,000 ஹெர்ட்ஸ் ஒலியாக வேடமிட்டு ஃபைலுக்குள் வந்துவிடும். அதன்பின் அசல் எது, போலி எது என்று பிரிக்க வழியில்லை.

குரலறியும் மென்பொருள்களுக்கு 16,000 போதும். சிடியின் அளவு 44,100. வீடியோ உலகின் வழக்கம் 48,000. சேமித்துவைக்கும் பதிவென்றால் 48,000, 16 பிட் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஒரே சேனலில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 எம்பி ஆகும். இன்றைய நினைவகங்களில் இது பெரிய இடமே அல்ல. 48,000இலிருந்து 16,000க்கு எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். இழந்ததைப் பெற மறுபடி ஏற முடியாது.

பிட் கணக்கும் முக்கியம். 8 பிட்டில் ஒலியின் அளவைக் குறிக்க 256 படிகள் மட்டுமே. 16 பிட்டில் 65,536. முணுமுணுப்பாகப் பாடும் குரலின் நுணுக்கம் 256 படிகளுக்குள் அடங்காது.

ஓடும் ஒலி, காத்திராத புரோகிராம்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. சவுண்ட்டிவைஸில் பதிவைத் தொடங்கும் கட்டளை, பதிவு முடியும்வரை நிற்பதில்லை. தொடங்கிவைத்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். ‘வெயிட்’ என்ற வரியைச் சேர்க்காமல் அங்கேயே சேமித்தால், ஃபைல் இருக்கும், பேசியது இருக்காது.

எத்தனை விநாடி என்று முன்பே சொல்லிக் காத்திருக்கும் இந்த முறை நீண்ட பதிவுக்குப் பொருந்தாது. ஒலி அட்டையிலிருந்து சாம்பிள்கள் சிறுசிறு தொகுப்பாக, பஃபர் வழியே வந்துகொண்டே இருக்கும். 1,024 சாம்பிள் கொண்ட ஒரு தொகுப்பு, 48,000 வேகத்தில், சுமார் 21 மில்லிவிநாடிக்கு ஒன்று வரும். அதை வாங்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஃபைலில் எழுதுவது, வரைபடம் போடுவது என்று உட்கார்ந்துவிட்டால் அடுத்த தொகுப்பு தவறிப்போகும். வாங்கியதை ஒரு வரிசையில் வைத்துவிட்டு, எழுதும் வேலையைத் தனி திரெட்டிடம் ஒப்படைக்க வேண்டும். பஃபர் நிரம்பி வழிந்தால் லைப்ரரியே எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையைத் திரையில் காட்ட ஒரு வரி எழுதுங்கள். பேட்டியின் நடுவே அரைச் சொல் காணாமல்போனது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

கேளாமல் செய்யும் உதவி

பிரவுசர் வழியே பதிவு செய்தால் எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானாக ஒலியளவைச் சீராக்குதல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தாமாகவே இயங்கும். வீடியோ அழைப்புக்கு இவை வரம். ஆவணப் பதிவுக்கோ கேடு. இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவை இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடக்கூடும். மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் ஒப்பாரியின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடக்கூடும். மைக்கைக் கேட்கும் வரியிலேயே மூன்றையும் நிறுத்தச் சொல்லலாம். முதலில் உள்ளது உள்ளபடி பதியட்டும். சுத்தம் செய்யும் வேலையை அதன் நகலில் வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி இரண்டு

பாதுகாப்பான இணைப்பும் பயனரின் சம்மதமும் இல்லாமல் இன்றைய பிரவுசர் மைக்கைத் திறக்காது. 2018இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவியிலிருந்து ஆப்பிள் கணினிகளும் ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி கேட்கின்றன. அனுமதி இல்லாவிட்டால் புரோகிராம் பிழை எதுவும் காட்டாமல் ஓடி, பூஜ்ஜியங்களை மட்டும் சேமிக்கவும் கூடும்.

இயந்திரத்தின் அனுமதியோடு வேலை முடிவதில்லை. குரலுக்குச் சொந்தக்காரரிடம் அது எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். மொசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டுக்குத் தெரிந்தே சம்மதித்துத்தான் அங்கே மக்கள் குரல் கொடுக்கிறார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் பத்து விநாடி சோதனைப் பதிவு செய்யுங்கள். எண்களை -1க்கும் 1க்கும் இடையில் வைத்துப் பார்க்கும்போது உச்சம் 1ஐத் தொட்டால் குரல் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒலியளவைக் குறைத்து, உச்சம் 0.25க்கும் 0.5க்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். ஹெட்ஃபோன் மாட்டி முழுவதும் கேளுங்கள். எண்பது வயதுப் பாட்டியை உட்காரவைத்து, “இன்னொரு தடவை பாடுங்க ஆத்தா” என்று கேட்கலாம். அவரும் பாடுவார். ஆனால் நினைவு பொங்கி முதல்முறை வந்த பாட்டு அப்படியே மறுபடி வராது. அந்த முதல் பாட்டை முழுசாக வாங்கிக்கொள்ள நம் புரோகிராம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.