சேர்வலாறு உள்ளே, பாபநாசம் வெளியே

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் மழையைப் பொழிந்து குற்றாலத்திற்குச் சாரலையும் சீசனையும் அளித்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கிச் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றில் பிறக்கும் மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்கதென்று தயங்காமல் ஏற்றுக்கொண்ட அரசாங்கம், அதே காற்று கொணர்ந்த மழைநீரில் பிறக்கும் மின்சாரத்திற்கு மட்டும் வெகுகாலம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, மின் விநியோகத்தார் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இத்தனை விழுக்காடு வாங்க வேண்டுமென்று விதிக்கும் அதிகாரத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு அளித்ததே தவிர, அது எதுவென்று இலக்கணம் வகுக்கவில்லை. 25 மெகாவாட் வரையிலான நீர்மின் நிலையமே அவ்வகையைச் சேரும் என்பது நடைமுறையாயிற்று. முண்டந்துறைக் காட்டில், சுரங்கவழியால் இணைந்த இரு நீர்த்தேக்கங்களில், 20 மெகாவாட் சேர்வலாறு இக்கணக்கில் உள்ளே வந்தது; 1944 முதல் இயங்கும், இன்று 32 மெகாவாட் திறனுள்ள பாபநாசம் வெளியே நின்றது. பொதிகை மலை அறியாத இந்தப் பேதம், டில்லியில் இரண்டு அமைச்சகங்கள் சிறிய நிலையங்கள் ஒன்றுக்கு, பெரியவை மற்றொன்றுக்கு எனச் செய்துகொண்ட பாகப்பிரிவினை அன்றி வேறல்ல.

2019 மார்ச் 8ஆம் தேதி மத்திய மின்துறை பிறப்பித்த உத்தரவு, பெரிய நிலையங்களையும் புதுப்பிக்கத்தக்கவை என அறிவித்தது. எனினும் கட்டாயக் கொள்முதல் என்னும் பயன் அத்தேதிக்குப் பின் இயங்கத் தொடங்குபவற்றுக்கே என்றது. பாபநாசத்திற்குப் பட்டம் கிடைத்தது, மானியம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். இதில் நியாயம் உண்டு: பழைய அணைகளின் மின்சாரத்தையே காட்டிக் கடமையைத் தீர்த்துவிடலாமென்றால், காற்றாலையின் மின்சாரத்தைப் புதிதாக வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் விநியோகத்தாருக்கு எங்கிருந்து வரும்? கலிபோர்னியாவிலும் இத்தகைய கணக்கில் 30 மெகாவாட் என்னும் எல்லை உண்டு.

அணை காட்டை மூழ்கடிக்கிறது, மீனின் வழியை மறிக்கிறது, நீரடியில் அழுகும் தாவரங்கள் மீத்தேனை வெளியிடுகின்றன என்னும் ஆட்சேபங்களும் மெய்யே. ஆனால் நீரைக் குழாயில் திருப்பிவிட்டு ஆற்றுப்படுகையை வறளவைக்கும் சிறு நிலையங்கள் வரிசையாக அமையுமானால், அவையும் நதிக்குச் சத்துருக்களே. பாபநாசத்தில் இயந்திரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் தாமிரபரணியில் கலந்து, அணைக்கட்டுகளின் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. ஆகையால் நிலையம் எத்தனை மெகாவாட் என்று கேட்பதை விடுத்து, எவ்வளவு காட்டை விழுங்கிற்று, ஆற்றில் எவ்வளவு நீரை ஓடவிடுகிறது என்று கேட்டே சட்டம் புதுப்பிக்கத்தக்கது என்னும் பெயரை வழங்க வேண்டும்.