டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் லைட் எரியுதா? பழைய கார் வச்சிருப்பவங்க முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்!

குடும்பத்தோட நாகூர் தர்காவுக்குக் கிளம்பியாச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, டேஷ்போர்டில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டி பழைய மாருதி 800. பிரேக் என்னவோ பிடிக்கத்தான் செய்கிறது. அப்படியே ஓட்டிட்டுப் போகலாமா?

கூடாது. முதலில் வண்டியை ஓரங்கட்டுங்க.

பிரேக் பிடிப்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. மாருதி 800 போன்ற கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி லைன்களில் போகிறது. ஒரு லைன் கைவிட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும், ஆனால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் அதிகமாகும். டெல்டாவில் மலைப்பாதை கிடையாது என்பதால் பிரேக் பலவீனம் சட்டென்று தெரியாது. குறுகலான வாய்க்கால் பாலத்தில் எதிரே டிராக்டர் வரும்போதுதான் தெரியவரும். ஆரம்பகால அம்பாசிடர்களில் இருந்தது ஒரே லைன்தான். அதில் பெடல் கீழே இறங்குவதுதான் எச்சரிக்கை.

இந்த விளக்கை எரிய வைப்பவை பெரும்பாலும் இரண்டு சுவிட்சுகள். ஒன்று ஹேண்ட்பிரேக் லிவருக்கு அடியில் இருக்கும். இன்னொன்று பானட்டுக்குள், பிரேக் ஆயில் டப்பாவில் மிதவையோடு இருக்கும். எந்த சுவிட்ச் என்பதை விளக்கு சொல்லாது, நாமதான் கண்டுபிடிக்கணும். ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்கிப் பாருங்க. அணையவில்லையா? ஆயில் டப்பாவில் இருக்கும் வயர் இணைப்பைக் கழற்றுங்க. இப்போது அணைந்தால் ஆயில் குறைந்திருக்கலாம், இல்லை மிதவை சிக்கியிருக்கலாம். அப்படியும் எரிந்தால் ஹேண்ட்பிரேக் சுவிட்சோ, உரசி பாடியில் படும் வயரோ காரணம். நாகூர் மாதிரி உப்புக் காற்று ஊர்களில் சுவிட்ச் துருப்பிடிப்பது சகஜம்.

ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால், உடனே ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு மறந்துவிடுவது பலர் செய்யும் தப்பு. மூடிய டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் சும்மா குறையாது. முன்சக்கர பிரேக் பேட் தேயத் தேய, ஆயில் மெதுவாகக் கீழிறங்கும். அப்படியென்றால் மாற்ற வேண்டியது பேட். திடீரென்று குறைந்திருந்தால் கசிவுதான். பின்சக்கரங்களின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். வண்டிக்கு அடியில் ஓடும் இரும்பு பைப்பில் துரு பொரிந்திருக்கா என்றும் பார்க்கணும். கடலோர வண்டிகளில் இதுதான் பெரிய ஆபத்து. இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடிங்க. அது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது.

ஆயில் ஊற்றும்போது டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையை மட்டுமே ஊற்றணும். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் வேண்டாம், ரப்பர் எல்லாம் உப்பிப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கலாம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

ஓடும்போதே பெடல் தரையைத் தொட்டுவிட்டால்? விட்டு விட்டு வேகமாக மிதிங்க, கியரைக் குறைங்க, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி லிவரை மெதுவாக இழுங்க. அது கேபிளில் இயங்குவதால் ஆயில் இல்லாமலும் வேலை செய்யும். வண்டி நின்ற பிறகு மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்க, அல்லது ரெக்கவரி வேனில் ஏற்றுங்க.