ஊர்தி கழுவுந் தொழில்

தூய்மை செய்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அரிசியைக் களைவர், ஆடையை வெளுப்பர், பாத்திரத்தை விளக்குவர், பல்லைத் துலக்குவர், கூந்தலை அலசுவர், தரையை மெழுகுவர். இவற்றுள் ஒரு சொல் நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை இடுதல் பெரும்பாலும் வழுவாகும். பொருள்தோறும் அழுக்கின் இயல்பும், அதனைப் போக்கும் முறையும் வேறுபடுதலே இதற்குக் காரணம். கார், மோட்டார் சைக்கிள் முதலிய ஊர்திகளுக்கோ ‘கழுவுதல்’ என்னும் ஒரு சொல்லே வழங்குகின்றது. ஆயினும், அத்தொழிலினுள் புகுந்து நோக்குவார்க்கு, சக்கரத்தை விளக்குதல், கண்ணாடியைத் துலக்குதல், மேற்பகுதியை அலசுதல், இருக்கையைத் துடைத்தல் எனப் பல வினைகள் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

முன்னாளில் லாரியையும் வாடகைக் காரையும் ஏரியிலோ ஆற்றுத் துறையிலோ இறக்கிக் கழுவுதல் பெருவழக்காய் இருந்தது. எண்ணெயும் சவர்க்காரமும் ஊரார் குளிக்கும் நீரிற் கலந்தமையைப் பலர் பொருட்படுத்தவில்லை. இன்றோ சிற்றூரையடுத்த நெடுஞ்சாலையிலும் ‘வாட்டர் சர்வீஸ்’, ‘வாட்டர் வாஷ்’ என்னும் பலகைகள் காணப்படுகின்றன. பெரும்பொருள் இன்றித் தொடங்கத்தக்கது என்பதனால் இளைஞர் பலர் இத்தொழிலை விரும்புகின்றனர். தொடங்கியவற்றுள் சில ஓராண்டு நிறைவதற்குள் மூடப்படுதலும் உண்டு. அவற்றை ஆராய்ந்தால், பொறியை முதலில் வாங்கி, நீரைப் பற்றிக் கடைசியில் எண்ணியதே பெரும்பாலும் காரணமாய் இருத்தல் தெரியவரும். இத்தொழிலுக்கு மெய்யான முதல் பணமன்று, நீரே ஆகும்.

ஒரு காரைக் கழுவ எவ்வளவு நீர் வேண்டும்? அது கழுவும் முறையைப் பொறுத்தது. இரப்பர்க் குழாயைத் திறந்து விட்டால் நிமிடத்திற்கு 15 முதல் 20 லிட்டர் வரை நீர் ஓடும். பத்து நிமிடம் திறந்திருப்பின் 200 லிட்டர் வரை செலவாகும். மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீச்சும் பொறியிலோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 லிட்டரே வெளிப்படும். அதுவும் விசையை அழுத்தியிருக்கும் போதுதான். எட்டு நிமிடம் பீச்சினால் 80 லிட்டரில் வேலை முடியும். பேரோசையும் வேகமும் உடைய பொறியே நீரை மிகுதியாகச் செலவிடும் என்று காண்போர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. அழுத்தத்தின் வலிமை நீரின் அளவுக்கு ஈடு செய்கின்றது.

நாள் ஒன்றுக்குப் பத்துக் கார் வரும் நிலையம் ஒன்று, திங்களுக்கு 26 நாள் நடப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும். குழாயைத் திறந்து விட்டுக் கழுவுவோனுக்கு 52,000 லிட்டர் வேண்டும். பொறியை அளவறிந்து ஆள்வோனுக்கு 20,800 லிட்டர் போதும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் வாங்குவதாயின், முன்னவனுக்கு நான்கு லாரிக்கு மேலும், பின்னவனுக்கு இரண்டுக்குக் குறைவாகவும் செலவாகும்.

52,000 லிட்டர் என்பது எத்தகைய அளவு என்பதைச் சென்னை மாநகர் நன்கு அறியும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் ஏற்றி வில்லிவாக்கத்திற்குக் கொணர்ந்தனர். ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வந்தது. ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர். மக்கள் குடம் ஏந்திக் காத்திருந்த காலத்தில் அத்துணை அருமையாய் வந்த வேகன் ஒன்றின் நீரை, ஒரு சிறு நிலையம் ஒரு திங்களில் வீணே ஓடவிடக் கூடும் என்பது எண்ணத்தக்கது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெங்களூரில் நீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது, குடிநீரால் ஊர்தி கழுவுதலை அந்நகரின் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறுவோர்க்கு 5,000 ரூபாய் தண்டமும் விதித்தது. பிறருடைய குடிநீரை நம்பித் தொடங்கிய கடை, பஞ்சம் வந்த அன்றே அடைபடும்.

ஆழ்துளைக் கிணறு தோண்டினால் குறை தீரும் என்பாரும் உளர். அந்நீர் பலவிடங்களில் கடின நீராய் இருக்கும். அதிற் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள், வெயிலில் நீர் உலர்ந்தவுடன் காரின் மேல் வெண்புள்ளிகளாய்ப் படியும். ‘கழுவிய பின்னரே அழுக்காயிற்று’ என்று உரிமையாளர் நொந்துகொள்ளுதல் இதனாலேயாம். ஆதலின் நிழலில் வைத்தே கழுவுதல் வேண்டும். நீர் உலருமுன் துணியால் ஒற்றியெடுத்தலும் வேண்டும். மழைநீரில் இவ்வுப்புகள் இல்லை. தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிக்க வேண்டுமென 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. அச்சட்டம் இத்தொழிலாளனுக்கு ஒரு நல்லுதவி எனலாம். 60 சதுர மீட்டர் தகரக் கூரையின் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறுவது நீங்கலாக, 600 லிட்டர் அளவிற்கு நீர் தொட்டியை அடையும். ஏழு காரைக் கழுவ அது போதும்.

வரும் நீரைப் போலவே போகும் நீரையும் எண்ணுதல் வேண்டும். கழுவிய நீரில் மணலும் சேறும் எண்ணெயும் கிரீசும் கலந்திருக்கும். அதனைத் தெருச் சாக்கடையில் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். குளத்தில் விட்டால் எண்ணெய் மேலே படர்ந்து, காற்று நீரிற் கலப்பதைத் தடுக்கும். இதனைத் தவிர்க்க மூன்று அறைகள் கொண்ட தொட்டி ஒன்று போதுமானது. முதலறையில் நீர் தேங்கி நிற்க, மணல் அடியிற் படியும். இரண்டாம் அறையில் எண்ணெய் மேலே மிதக்கும். அங்கிருந்து மூன்றாம் அறைக்குச் செல்லும் குழாயின் வாய், நீர்மட்டத்திற்கு மிகவும் தாழ இருத்தல் வேண்டும்; அப்பொழுதுதான் எண்ணெய் பின்தங்க, அடிநீர் மட்டும் கடந்து செல்லும். தனிக் கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. எண்ணெய் நீரினும் இலேசானது என்னும் எளிய இயல்பே வேலையைச் செய்துவிடுகின்றது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சவர்க்காரத்தை அளவின்றிக் கொட்டினால், எண்ணெய் நுண்துளிகளாய் நீரோடு கலந்து, மிதவாமல் உடன் சென்றுவிடும். நுரை மிகுதியாய் எழுந்தாலே வேலை நன்றாய் நடந்ததெனக் கருதும் வாடிக்கையாளருக்கு இதனை எடுத்துரைத்தல் எளிதன்று. மூன்றாம் அறையின் தெளிந்த நீரைச் சக்கரங்களின் சேற்றைக் கரைக்கும் முதற் கழுவலுக்கு மீண்டும் பயன்படுத்தலாம்; இறுதி அலசலுக்கு மட்டும் புதுநீர் வேண்டும்.

இனி, கழுவும் முறை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது பலரும் செய்யும் பிழை. தெருத் தூசியில் மணல்துகள் உண்டு. அது காரின் மேற்பூச்சினும் கடினமானது. துடைக்குந்தோறும் அத்துகள் பூச்சைக் கீறிவிடும். கீறல்கள் பெருகப் பெருகக் காரின் பளபளப்பு மங்கும். ஆகவே முதலில் நீரைப் பீச்சித் தூசியை அகற்றிய பின்னரே துணி படல் வேண்டும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருதல் முறை. சக்கரத்திற்கு வேறு துணியும் வேறு வாளியும் வைத்துக்கொள்ளுதல் நலம். துணி துவைக்கும் சோப்புத்தூள் ஆகாது. அதன் காரம் மேற்பூச்சின் மேலுள்ள மெழுகை நீக்கிவிடும். இதற்கெனவே விற்கும் ஷாம்புவைப் பயன்படுத்துதல் வேண்டும். எஞ்சினில் மின்கம்பிகள் உள்ள இடத்தில் பொறியின் நீரைப் பீச்சலாகாது. மோட்டார் சைக்கிளைக் கழுவிய பின் அதன் சங்கிலிக்கு எண்ணெய் இடாது அனுப்புதல், வேலையைப் பாதியில் விடுதலேயாகும்.

கழுவுவோரின் நலமும் மறக்கற்பாலதன்று. பொறி பீச்சும் நீர் தோலைத் துளைத்து உட்புகும் வலிமையுடையது. விளையாட்டிற்கும் அதனை ஒருவர்மேற் பிடித்தல் கூடாது. ஈரத்தரையில் மின்பொறி இயங்குவதால், மின்கசிவு நேர்ந்த கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் இன்றியமையாதது. நாள் முழுதும் நீரில் நிற்கும் கால்களில் சேற்றுப்புண் உண்டாகும். இரப்பர்க் காலணி அதனைத் தடுக்கும். சில நூறு ரூபாய்க் காலணியை மிச்சம் பிடிக்கும் முதலாளி, நல்ல வேலையாளை இழப்பான்.

வரவு செலவு எவ்வாறு அமையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடங்கும் காலத்தில் நாளொன்றுக்கு 5 காரும் 8 இருசக்கர ஊர்தியும் வருவதாகவும், கூலி முறையே 400 ரூபாயும் 100 ரூபாயும் என்றும் கொண்டால், நாள் வரவு 2,800 ரூபாய்; 25 நாளுக்கு 70,000 ரூபாய். மனை வாடகை 12,000, வேலையாள் இருவர்க்குச் சம்பளம் 30,000, நீரும் மின்சாரமும் 8,000, ஷாம்புவும் துணியும் 5,000, கடன் தவணை 6,000 என வைத்தால் செலவு 61,000 ஆகும். பொறி பழுதுபார்க்க 2,000 ஒதுக்கினால் எஞ்சுவது 7,000 ரூபாய். உரிமையாளன் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை மட்டும் செய்வானாயின் அவன் வருவாய் அவ்வளவே. அவன் கீழ் வேலை செய்வோன் பெறுவதிற் பாதியும் அன்று. தானே துணியைக் கையிலெடுத்து, ஆள் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டால் 22,000 கிடைக்கும். இளைஞர் பலர் முதலாளி என்னும் பெயரை விரும்பி நாற்காலியைத்தான் முதலில் வாங்குகின்றனர்.

வரவும் எல்லாத் திங்களிலும் ஒருபடித்தாய் இராது. ஆயுத பூசைக்கு முன்னாள் வாயிலில் ஊர்திகள் வரிசையாய் நிற்கும். இரவு நெடுநேரம் வரை விளக்கெரியும். அதனையடுத்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மழை நாளில் யாரும் காரைக் கழுவக் கொணரார். வாடகையும் தவணையும் மழைக்காக நிற்பனவல்ல. பூசை நாளில் வந்த பணத்தைக் கார்த்திகைக்கு வைத்திருப்பவனே தைத் திங்களிலும் கடையைத் திறந்து வைத்திருப்பான்.

முதலுக்குக் கடன் பெற வழிகள் உள. 2015ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய முத்ரா திட்டத்தில், ‘சிசு’ என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இன்றி வங்கிகள் கடன் வழங்குகின்றன; அதனினும் மிகுந்த தொகைக்கு வேறு பிரிவுகள் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தை அணுகினால் மாநில அரசின் திட்டங்களையும் அறியலாம். ‘உத்யம்’ என்னும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வீட்டு மின்னிணைப்பைக் கொண்டு தொழில் நடத்தலாகாது, வணிக இணைப்புப் பெறுதல் வேண்டும். கழிவுநீரை வெளியிடுவது 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டதாகலின், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரைத் தொடக்கத்திலேயே கேட்டறிதல் நன்று. மேற்கூறிய மூவறைத் தொட்டியை முன்னரே அமைத்தவனுக்கு இதில் அச்சமில்லை.

கழுவி முடித்த காரை ஒப்படைக்குமுன் செய்ய வேண்டியன சில உள. இருக்கையின் இடுக்கில் அகப்பட்ட காசு, தோடு, சீட்டு முதலியவற்றை எடுத்து, உரிமையாளர் கண்முன் வைத்தல் வேண்டும். கதவின் உள்விளிம்பில் தங்கிய நீரைத் துடைத்தல் வேண்டும். இல்லையேல் அங்கே துரு ஏறும். நனைந்த பிரேக் சிறிது நேரம் முழு வலிமையோடு பற்றாது. ஆதலின், சாலையில் ஏறிய உடனே விரைவாகச் செல்லாமல், மெல்ல ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பார்க்குமாறு ஓட்டுநரிடம் சொல்லியனுப்புதல் வேண்டும்.