சைடுவாலில் இருக்கும் அந்த எண்ணை யார் எழுதினார்கள்?

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20. இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. கார் டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதால், அதுவரை தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் இப்போது ஒன்றாகக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஐ20 என் லைன், போலோ ஜிடி வைத்திருப்பவர்கள் எழுதியவை. என் லைன் விற்பனைக்கு வந்தது 2021 செப்டம்பரில். அப்போது வாங்கியவர்களின் முதல் செட் டயருக்கு இப்போது பட்டன் தேய்ந்து முடியும் நேரம். போலோவோ இந்தியாவில் 2022-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் ஆசையோடு வைத்திருப்பவர்கள்.

அநேகமாக எல்லாரும் கேட்டிருக்கும் அளவு 195/55 ஆர்16. கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: “ட்ரெட்வேர் 200 என்றால் கிரிப் அதிகம், 400 என்றால் அதிக நாள் உழைக்கும் என்கிறார் கடைக்காரர். ட்ராக்‌ஷன் ஏஏ போட்டிருக்கிறது, மழைக்கு வேறென்ன வேண்டும் என்கிறார். நம்பலாமா?”

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டயரில் இருப்பதைத்தான் படித்துச் சொல்கிறார். அதை எழுதியது யார், எதை அளந்து எழுதினார்கள் என்பதுதான் சிக்கல்.

அந்த எண்ணும் எழுத்தும் இந்தியச் சட்டம் கேட்பவை அல்ல. அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம், டயர்களை ஒப்பிட்டு வாங்க மக்களுக்கு ஒரு தர அளவு வேண்டும் என்றது. 1970-களின் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. பல நாடுகளுக்கும் போகும் டயர்கள் பலவற்றில் அது பொறிக்கப்படுவதால் நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சோதனை நடப்பது டெக்சாஸ் மாநிலத்தில், சான் ஏஞ்சலோ என்ற ஊரைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில். ஒரு சுற்று 400 மைல், சுமார் 640 கிலோமீட்டர். நான்குக்கு மிகாத கார்கள் வரிசையாகச் சேர்ந்தே ஓடும். ஒரு காரில் ஒப்பீட்டு டயர், மற்றவற்றில் சோதனைக்கு வந்த டயர்கள். முதல் 800 மைல் பழக்குவதற்கு. அடுத்த 6,400 மைல் ஓட்டத்தில் பள்ளங்களின் ஆழத்தை அவ்வப்போது அளந்து தேய்மான வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒப்பீட்டு டயரின் அளவுகோல் 100. அதைவிட மூன்று மடங்கு மெதுவாகத் தேய்ந்தால் 300.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். வெயில், மழை, ரோட்டின் சொரசொரப்பு, ஓட்டுநரின் கால் எல்லாமே தேய்மானத்தை மாற்றும். அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் ஒரு ஒப்பீட்டு டயரையும் கூடவே ஓடவிடுகிறார்கள். அன்றைய வெயில் அதையும் சுடும், அன்றைய ரோடு அதையும் தேய்க்கும். எளிமையான, நேர்மையான உத்தி.

கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மொத்த ஓட்டம் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர். அதற்குள் எந்த நல்ல டயரும் தேய்ந்து முடிவதில்லை. தேய்ந்த கொஞ்சத்தை வைத்து மீதி ஆயுளைக் கணக்குப்போட்டு நீட்டுகிறார்கள். நீட்டிய கணக்கிலிருந்து டயரில் அச்சிடும் எண்ணை முடிவு செய்வது அரசு அல்ல, டயரைச் செய்த நிறுவனம். சோதனையில் கிடைத்ததைவிட அதிகமாகப் போடக்கூடாது என்கிறது விதி. குறைத்துப் போட்டால் தடையில்லை. 480 வாங்கிய டயருக்கு 320 என்று போடலாம்.

எதற்காகக் குறைத்துப் போடுவார்கள்? எண் குறைந்தால் கிரிப் கூடும் என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் பதிந்த பிறகு, குறைந்த எண்ணே விளம்பரம் ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் மோட்டார் விளையாட்டு மன்றங்கள் சில போட்டிப் பிரிவுகளில், ட்ரெட்வேர் 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்தன. பந்தயத்துக்கென்றே செய்யும் மென்மையான டயர்கள் அந்தப் பிரிவுகளுக்குள் வந்துவிடக்கூடாது என்பது நோக்கம். அதன்பிறகு வேகமான டயர்கள் பலவும் மிகச் சரியாக 200 என்ற முத்திரையோடு வரத் தொடங்கின. ஒரே 200-க்குள், ஒன்று சீக்கிரம் கரையும். இன்னொன்று பல மடங்கு உழைக்கும். இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள் ஓரளவு பொருந்தும், அவ்வளவுதான். கிரிப்பைப் பற்றி இந்த எண் எதையும் அளக்கவே இல்லை.

இனி ‘ஏஏ’. ட்ராக்‌ஷன் என்று பெயர் வைத்திருப்பதால் டயரின் பிடிமானம் முழுவதையும் அளந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் நனைத்த தார் பரப்பிலும் நனைத்த கான்கிரீட்டிலும் மணிக்கு 40 மைல் வேகத்தில், நேர்கோட்டில், சக்கரத்தைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். தாரில் உராய்வுக் கெழு 0.54-ஐயும் கான்கிரீட்டில் 0.38-ஐயும் தாண்டினால் ஏஏ. வளைவு கிடையாது. தேங்கிய தண்ணீர் கிடையாது. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. எந்த நிலைக்கு வண்டி போகவே கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்களோ, அந்த நிலையில்தான் இந்த எழுத்துக்கான அளவை எடுக்கிறார்கள்.

நம் அரசு என்ன செய்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் கார் டயர் விற்க முடியாது. அதோடு ஏஐஎஸ் 142 என்ற தரநிலைப்படி உருள் தடை, ஈரப்பிடிப்பு, உருளும் சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து, புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். நல்ல நடவடிக்கைதான். ஆனால் ‘ஈரப்பிடிப்பில் தேறியது’ என்ற அரசு வார்த்தைக்குப் பொருள், குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கிவிட்டது என்பது மட்டுமே. எவ்வளவு வாங்கியது என்பதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

நம் தரநிலை எந்த ஐரோப்பிய விதியை ஒட்டி எழுதப்பட்டதோ, அந்த விதியில் சாதாரண கார் டயர் தேற ஈரப்பிடிப்புக் குறியீடு 1.1 இருந்தால் போதும். அங்கே டயரோடு வரும் லேபிளில் ‘ஏ’ வாங்க 1.55 வேண்டும். இது பிரேக் பிடிப்பின் விகிதக் கணக்கு. ஆகவே ‘ஏ’ டயர் ஈர ரோட்டில் 30 மீட்டரில் நிறுத்தும் வண்டியை, தட்டுத்தடுமாறித் தேறிய டயர் நிறுத்த ஏறக்குறைய 42 மீட்டர் ஆகும். இடையில் இருப்பது மூன்று காரின் நீளம். அந்த இடத்தில் ஒரு ஆட்டோவோ சைக்கிளோ நிற்கலாம். ஐரோப்பாவில் வாங்குபவர் இந்த வித்தியாசத்தை ஒரு எழுத்தில் பார்த்துவிடுகிறார். நம் ஊரில் இரண்டும் ஒரே முத்திரையோடு ஒரே அலமாரியில் இருக்கின்றன. இதை வெளியிட என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. அளந்த எண் நிறுவனங்களிடம் இருக்கத்தானே செய்கிறது.

இருக்கும் வழி ஒன்றுதான். ஐரோப்பாவில் விற்கும் டயர்களின் லேபிள் விவரங்கள் எப்ரெல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைக்காரர் உங்களுக்குச் சொன்ன மாடலை அதே அளவில் தேடிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பெயர் ஒன்றாக இருந்தாலும் இங்கே செய்யும் டயரின் ரப்பர் கலவை வேறாக இருக்கலாம். எந்த நாட்டில் செய்தது என்று சைடுவாலில் இருக்கும், படித்துவிட்டு முடிவெடுங்கள். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமானதிலிருந்து, இந்த அளவில் வெளிநாட்டு மாடல்கள் நினைத்தபோது கிடைப்பதில்லை. ‘அண்ணா, ஸ்டாக் வந்ததும் கூப்பிடுறேன்’ என்று கடைக்காரர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தத் தர எழுத்தும் சொல்லாத விஷயம் தேங்கிய தண்ணீர். மழை கொட்டிய இரவில் ஈசிஆரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிப்போன அனுபவம் பலருக்கு இருக்கும். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டி மிதக்கிறது. நாசாவில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளர் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்: மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் 83. பள்ளம் ஆழமாக இருக்கும் கார் டயர் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். மொட்டை டயர் தாக்குப்பிடிக்காது. அதனால் மழைக்காலத்தில் விலை உயர்ந்த, பாதி தேய்ந்த பர்ஃபாமன்ஸ் டயரைவிட, நடுத்தர விலையில் முழுப் பட்டனோடு இருக்கும் டயரே மேல். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை குறையச் சட்டம் அனுமதிக்கிறது. நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்வேன்.

ஆகவே என் கருத்து இது. வாரநாளில் அலுவலகம், மாதம் ஒருமுறை ஏலகிரியோ கொடைக்கானலோ போகிறவர்கள் ஈரப்பிடிப்பில் ‘ஏ’ அல்லது ‘பி’ வாங்கிய, நீளவாக்குப் பள்ளங்கள் அகலமாக உள்ள டயரை எடுங்கள். ட்ரெட்வேர் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். 200 வகை டயர்களில் பள்ளங்கள் குறைவு. ரப்பர் சூடேறினால்தான் முழுப் பிடிமானம் வரும். என் லைன் காரைச் செய்யும் அதே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடமும் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் தனி ரிம்மில் தனி செட் வைத்துக்கொள்ளட்டும். நவம்பர் மாதத்து வேளச்சேரிக்கு அது ஆகாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

205/55 ஆர்16 போடலாமா? வெளிவட்டம் 1.8 சதவீதம் கூடும், மீட்டர் முன்பைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் முன்னாலா, பின்னாலா? பின்னால். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம்; பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

ஒரே அச்சில் வேறு வேறு பிராண்டு? வேண்டாம்.

வி ரேட்டிங்குக்குப் பதில் எச்? வண்டியோடு வந்ததைவிடக் குறைக்காதீர்கள்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்றுப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

புது டயர் வழுக்குகிறதே? முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

அலைன்மென்ட் அவசியமா? அவசியம், அதே நாளில்.

புது வரியில் பழைய டயரைத் தள்ளிவிடுவார்களா? தள்ளலாம். போன வாரம் நான் போன ஒரு கடையில் ‘நேற்று வந்தது’ என்று எடுத்துக் காட்டிய டயரில் 1423 என்று இருந்தது. 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. பில்லில் 18 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். சைடுவாலில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களை, டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.