மாதிரியுரு அமைக்க எக்கருவி நன்று?

செயலிகளையும் இணையத்தளங்களையும் வடிவமைக்கும் தொழிலை நாடும் பிள்ளைகள் இன்று பலர். மகனோ மகளோ அவ்விருப்பத்தை வெளியிட்டதும் பெற்றோர் மனத்தில் எழும் வினா, 'அதற்கு எந்த மென்பொருளை வாங்கிக் கொடுப்பது?' என்பதே. ஆசிரியர்களாகிய நம்மிடமும் அவ்வினாவே அடிக்கடி வருகின்றது. பணமும் காலமும் ஒருங்கே செலவாகும் விடயமாதலின், இதனைச் சிறிது ஆராய்தல் நன்று.

முதற்கண், மாதிரியுரு என்பது யாது? வீடு கட்டுமுன் வரையும் படத்தைப் போன்றது எனலாம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. வீட்டுப் படத்தை நாம் பார்க்கத்தான் முடியும். மாதிரியுருவையோ தொட்டு இயக்கிப் பார்க்கலாம். அதனுள்ளே கணக்கு எதுவும் நடவாது; எத்தகவலும் பதியாது. எனினும் பொத்தானை அழுத்தினால் அடுத்த திரை வரும். நிரல் எழுதுவோர் பல மாதம் உழைத்த பின்னர் தெரியவரும் பிழையை, ஒரு பிற்பகலிலேயே காட்டிக்கொடுப்பது அதன் பயன்.

இதற்குக் கணனிதான் வேண்டும் என்பதும் இல்லை. 1996 இல் வெளிவந்த 'பாம் பைலட்' என்னும் கையடக்கக் கருவியை உருவாக்கிய அமெரிக்கரான ஜெஃப் ஹோக்கின்ஸ், அதனை ஆக்குமுன் அதே அளவான மரத்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எவரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், அம்மரத்துண்டை எடுத்து அதிலே குறிப்பதுபோற் பாவனை செய்வார். பையில் அடங்குமா, கைக்கு இசையுமா, உண்மையில் எதற்கெல்லாம் வேண்டியிருக்கும் என்பனவே அவர் அறிய விரும்பியவை. அவற்றுக்கு விடைகூற மரத்துண்டே போதுமாயிற்று.

கருவியைத் தெரிவுசெய்தற்குரிய விதியும் இதனுள் அடங்கியுள்ளது. எதனை அறிய விரும்புகின்றோம் என்பதை முதலிலே தீர்மானித்தல் வேண்டும். கருவி அதன் பின்னரே.

வைத்தியரைச் சந்திக்க நேரம் பதிவுசெய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வைத்தியரின் பெயரைத் தேடி, நாளைக் குறித்து, பணம் செலுத்தி முடிக்கும் வழி முதியவர் ஒருவருக்குப் புலப்படுகின்றதா என்பதே வினாவாயின், தாளும் பென்சிலும் போதும். 'பால்சமிக்' என்னும் மென்பொருள் வேண்டுமென்றே கையால் வரைந்தது போன்ற தோற்றத்தைத் தருவதும் இதுபற்றியே. மெருகிட்ட படத்தைக் காட்டினால், பார்ப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். வழியைப் பற்றிய பேச்சு மறைந்துபோகும்.

தோற்றமும் எழுத்தின் அளவும் திரை மாறும் விதமுமே வினாவாயின், 'பிக்மா' ஏற்றது. அஃது இணைய உலாவியிலேயே இயங்குவது. பலர் ஒரே வேளையில் ஒரே படத்தில் வேலைசெய்யலாம். தொடங்குவோர்க்குக் கட்டணமற்ற வசதியும் உண்டு. 'ஸ்கெச்' மென்பொருளில் வரைவதற்கு மக் கணனி வேண்டும். படிவம் நிரப்புவோர் தரும் விடைக்கேற்ப வெவ்வேறு திரைகள் வரவேண்டுமாயின், நிபந்தனைகளை அமைக்கவல்ல 'அக்சூர்' உதவும்.

எதனைக் கையாண்டாலும், மாதிரியுருவில் இடவேண்டியவை மெய்யான தமிழ்ச் சொற்களே. ஆங்கிலத்தில் ஆறெழுத்துக் கொண்ட 'சப்மிட்' என்பதற்கு அளந்தமைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. மும்மொழியிலும் மக்களுக்குச் சேவை தரவேண்டிய நம் நாட்டில், இதனை இறுதியிற் கண்டுபிடித்தல் பெருநட்டம்.

இனி, கருவியையே தொழிலென மயங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2011 இல் தோன்றி, வடிவமைப்போரிடையே பெரும்பெயர் பெற்றிருந்த 'இன்விஷன்', 2024 ஆம் ஆண்டின் இறுதியுடன் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அடோபி நிறுவனம் தன் 'எக்ஸ் டி' மென்பொருளைத் தனியே விற்பதை 2023 இல் நிறுத்தியது. அதே நிறுவனம் 2000 கோடி டொலருக்குப் பிக்மாவை வாங்கப்போவதாக 2022 இல் அறிவித்து, 2023 டிசம்பரில் அம்முயற்சியைக் கைவிட்டது. கருவிகளின் உரிமையும் ஆயுளும் நம் கையில் இல்லை என்பதை இவை உணர்த்துகின்றன அன்றோ? திறந்த மூலநிரல் கொண்ட 'பென்பொட்' மென்பொருளை நாமே நமது வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல். எவ்வாறாயினும், முடித்த திரைகளைப் படங்களாகத் தம்மிடம் சேமித்து வைத்தல் மாணவர் கடமை.

ஆகவே, பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். செயலியொன்றின் திரைகளை அதில் வரைந்து, வீட்டிலும் அயலிலும் ஐவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஐவரைக் கொண்டு சோதித்தாலே குறைகளிற் பெரும்பாலானவை வெளிப்படும் என்று இத்துறை அறிஞராகிய யாக்கொப் நீல்சன் 2000 ஆம் ஆண்டிலேயே எழுதினார். பார்ப்பவர் தடுமாறும் இடத்தைப் பிள்ளை குறுக்கிட்டு விளக்காது, வாய்மூடிக் கவனித்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறொன்று வரைய மனம் வருகின்றதா என்று பாருங்கள். அம்மனம் வாய்த்த பிள்ளைக்குக் கருவியைக் கற்பது அரிதன்று. கட்டணமற்ற ஒன்றிலேயே தொடங்கலாம்.