மளிகைக் கடையின் பின்னறையில் ஒரு வகுப்பு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங் நம் நினைவுக்கு வருகிறார். பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் வருகிறார். செப்டிமா கிளார்க் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அவர் பெருங்கூட்டங்களில் முழங்கியவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 58 வயதில் வேலையும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்ட பிறகு, பள்ளிக்கே போகாத பெரியவர்களுக்கு எழுத்தறிவித்து, அவர்களை வாக்காளர்களாக்கும் வகுப்புகளை அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுவதும் கொண்டு சென்றவர். இயக்கத்தின் தாய் என்று போற்றப்பட்ட அவரை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. அவருடைய போராட்டக் கருவி கற்பித்தல் முறைதான்.

செப்டிமா 1898 மே 3 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். தாய் விக்டோரியா வீட்டிலேயே துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 1916இல் ஏவரி என்ற பள்ளியில் ஆசிரியர் பயிற்சியோடு படிப்பை முடித்தார் செப்டிமா. ஆனால் சொந்த ஊரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சார்ல்ஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினத்தவரை ஆசிரியராக நியமிப்பதில்லை. கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளிலும் வெள்ளை ஆசிரியர்களே இருந்தார்கள். ஆகவே பதினெட்டு வயதில் படகேறி ஜான்ஸ் தீவுக்குப் போனார்.

அது ஓர் ஈராசிரியர் பள்ளி. மாணவர்கள் 132 பேர். தொடக்க நிலை முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா வயதுப் பிள்ளைகளும் உண்டு. பலகைச் சுவர்களில் இடுக்குகள். ஒரு மூலையில் கணப்பு அடுப்பு. முன்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு அனல், பின்னால் இருப்பவர்களுக்கு நடுக்கம். தலைமையாசிரியர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த செப்டிமாவுக்கு மாதச் சம்பளம் 35 டாலர். அருகிலேயே வெள்ளைக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி இருந்தது. அங்கே மாணவர்கள் மூன்று பேர், ஆசிரியர் ஒருவர். அவருடைய சம்பளம் 85 டாலர்.

கரும்பலகை இல்லை. சலவைக் கடைகளில் துணி வைத்துத் தரும் பெரிய காகிதப் பைகளைச் சேகரித்து, அவற்றைப் பிரித்துச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் தங்கள் சுற்றுப்புறத்தைப் பற்றிச் சொல்வதை அவர்கள் சொன்னபடியே அதில் எழுதினார். பிறகு அதையே வாசிக்கச் செய்தார். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த உத்தியின் அருமை புரியும். பாடநூல் இல்லாத இடத்தில் பிள்ளையின் பேச்சே பாடநூல். மாலையில் பெரியவர்கள் வந்தார்கள். தங்கள் சங்கக் கூட்டங்களில் நாலு வார்த்தை பேச வேண்டும், எழுதிவைத்ததைப் படிக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அவர்களுக்கும் கற்றுத் தந்தார்.

1919இல் ஏவரி பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். கறுப்பின மக்களின் உரிமைக்காக நீதிமன்றங்களில் போராடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் சேர்ந்தார். நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரும் மனுவுக்காக வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார். அடுத்த ஆண்டே விதி மாறியது. பின்னர் கொலம்பியா நகரில் நீண்ட காலம் பணியாற்றினார். விடுமுறைகளில் படித்து 1942இல் இளங்கலைப் பட்டமும் 1946இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இரு நிறத்து ஆசிரியர்களுக்கும் சம ஊதியம் கேட்டு 1945இல் அங்கே நடந்த வழக்கிலும் அவர் பங்கெடுத்தார். வழக்கை நடத்தியவர் தர்குட் மார்ஷல். பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். தீர்ப்பு ஆசிரியர்களுக்குச் சாதகமாக வந்தது.

726 கடிதங்கள்

பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநில அரசுகள் கொதித்தன. நகர, மாநில அரசுப் பணியில் இருப்போர் என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956இல் தென் கரோலினா சட்டம் இயற்றியது. எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினர் என்று ஆசிரியர்கள் எழுதித் தர வேண்டும். பலர் அந்தப் பெயரை எழுதாமல் விட்டார்கள். செப்டிமா எழுதினார். வேலை போனது. நாற்பது ஆண்டுப் பணிக்கான ஓய்வூதியமும் போனது.

தன்னோடு மற்றவர்களும் குரல் கொடுப்பார்கள் என்று அவர் நம்பினார். 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் சந்திக்க வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் 11 பேர். அன்றைக்கு அவரையும் சேர்த்துப் போனவர்கள் ஐந்து பேர். அவர் சார்ந்திருந்த பெண்கள் சங்கம் ஒரு பாராட்டு விழா எடுத்தது. ஆனால் அவருடன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள உறுப்பினர்கள் தயங்கினார்கள். படம் பத்திரிகையில் வந்தால் அவர்களுடைய வேலைக்கும் ஆபத்து.

இதை அவர் தன் வாழ்வின் பெருந்தோல்விகளில் ஒன்றாகவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆனால் அந்த ஆசிரியர்களைக் கோழைகள் என்று ஒதுக்கவில்லை. அவர்கள் தயாராக இல்லாத ஒன்றுக்குள் அவர்களைத் தள்ளப் பார்த்தது தன் பிழை, மனிதரை முதலில் தயார்செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பாடம் புரியாத மாணவரிடம் கோபப்படாமல் பாடத்தை எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று யோசிக்கும் ஆசிரியரின் மனம் அது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் இந்த முடிவிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

டென்னசி மாநிலத்து மலைப் பகுதியில் ஹைலேண்டர் என்ற முதியோர் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதை நடத்தியவர் மைல்ஸ் ஹார்டன். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் பயின்ற இடம். 1955 கோடையில் செப்டிமா அங்கே நடத்திய பயிலரங்குக்கு ரோசா பார்க்ஸ் வந்திருந்தார். சில மாதங்களில், டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரி பேருந்தில் அந்த நிகழ்ச்சி நடந்தது. வேலை இழந்த செப்டிமாவை ஹைலேண்டர் முழுநேரப் பணிக்கு அழைத்துக்கொண்டது.

வாக்குக்கு ஒரு தேர்வு

அன்றைய தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு செய்வது எளிதன்று. 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அலுவலர் முன்னிலையில் படித்தும் எழுதியும் காட்ட வேண்டும். எந்தப் பகுதி, படித்தது சரியா என்பதெல்லாம் அலுவலரின் விருப்பம். மூன்று குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் ஒருபக்கம், 132 குழந்தைகளுக்கு இருவர் மறுபக்கம் என்று வைத்திருந்த அரசுதான், உனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு வாக்குரிமையை மறுத்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். தீவு மக்களை வேலைக்காகச் சார்ல்ஸ்டனுக்கு ஏற்றிச் செல்வார். அரசியலமைப்பின் பகுதிகளைத் தட்டச்சு செய்து பயணிகளிடம் கொடுத்து, வழியெல்லாம் விளக்குவார். ஆலிஸ் வைன் என்ற பெண் கேட்டுக் கேட்டே முழுப் பகுதியையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனாலும் உண்மையிலேயே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவரைப் போன்றவர்களுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று ஜென்கின்ஸ் ஹைலேண்டரிடம் கேட்டார்.

பள்ளிக் கட்டடமோ தேவாலயமோ இதற்குக் கிடைக்கவில்லை. இடம் தரப் பயந்தார்கள். ஹைலேண்டர் கொடுத்த 1500 டாலர் கடனில் தீவு மக்களின் சங்கம் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்னறையில் வகுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை மட்டுமே தெரியும். 1957 ஜனவரியில் 14 பேருடன் வகுப்பு தொடங்கியது. வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு இரவு, இரண்டு மணி நேரம்.

அந்த வகுப்பின் ஆசிரியராகச் செப்டிமாவும் ஹார்டனும் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை. செப்டிமாவின் உறவினர், அழகு நிலையம் நடத்தியவர், தையல் தெரிந்தவர். ஆசிரியர் பயிற்சி பெறாதவர். தான் ஆசிரியர் இல்லையே என்று அவரே மறுத்துப் பார்த்தார். அதனால்தான் அவரைக் கேட்டார்கள்! பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தால் பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்திவிடுவார் என்பது அவர்களுடைய கவலை. இதைப் படிக்கும்போது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும். இன்னொரு காரணமும் உண்டு. அழகு நிலையத்துக்கு வருபவர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையைவிட்டு நீக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது.

ராபின்சன் முதலில் தொடக்கப் பள்ளிப் பாடப் பொருள்களைத்தான் எடுத்துப் போனார். அவை எடுபடாது என்று உடனே புரிந்தது. நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களிடமே கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும் என்றார்கள். வேதாகமம் படிக்க வேண்டும். மணியார்டர் படிவத்தையும், அஞ்சலில் பொருள் வரவழைக்கும் படிவத்தையும் நிரப்ப வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். இந்தப் பட்டியலே பாடத்திட்டம் ஆனது.

பெயர் எழுதப் பழகுவதற்கு, ஒவ்வொருவர் பெயரையும் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். கை பழகும்வரை அதன்மேல் பென்சிலால் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஏர் பிடித்த கை, பென்சிலை முறித்துவிடும் அளவுக்கு அழுத்தும். அதற்கும் நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று வயலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி, வாசிக்கவைத்தார்கள். காகிதப் பை முறைதான். நாற்பது ஆண்டு கழித்துப் பெரியவர்களிடம் வந்திருந்தது. கணக்கு, உரத்தின் விலையிலிருந்தும் எரிபொருள் செலவிலிருந்தும் வந்தது. சுவரில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. வகுப்பு முடிவதற்குள் அதைப் படித்துவிட வேண்டும் என்பது இலக்கு. இவற்றோடு வாக்காளர் பதிவுப் படிவமும் அரசியலமைப்புப் பகுதியும். ஒருநாள் பலகையில் எழுதியிருந்த பெயர்களில் தன் பெயரை 65 வயதுப் பெண் ஒருவர் அடையாளம் கண்டு, எழுந்துபோய்த் தொட்டுக்காட்டினார். தனக்கு மெய்சிலிர்த்ததாக ராபின்சன் பின்னர் சொல்லியிருக்கிறார்.

அடுத்தடுத்த தீவுகளிலும் இதே வகுப்பு கேட்டார்கள். அரசு சும்மா இருக்குமா? 1959 ஜூலையில் காவல்துறை ஹைலேண்டரைச் சோதனையிட்டது. மது வைத்திருந்ததாகச் செப்டிமாவைக் கைது செய்தார்கள். மதுவே அருந்தாதவர் அவர், குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனாலும் ஹைலேண்டரின் உரிமம் பறிக்கப்பட்டது. இந்த வகுப்புத் திட்டத்தை 1961இல் கிங்கின் தலைமையில் இயங்கிய தென் மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாட்டு அமைப்பு எடுத்துக்கொண்டது. செப்டிமாவும் அதனுடன் சென்றார்.

ஜார்ஜியா மாநிலத்தின் டார்ச்செஸ்டர் மையத்தில் பயிற்சி நடந்தது. செப்டிமா, டோரதி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகிய மூவரும் நடத்தினார்கள். பேருந்துகளில் வந்து சேர்ந்தவர்கள் ஒரு வாரம் தங்கிப் பயின்று, ஊருக்குப் போய்ச் சமையலறையிலோ மர நிழலிலோ வகுப்பு தொடங்குவார்கள். இவர்களுக்குச் செப்டிமா வைத்த தகுதி, உரக்கத் தெளிவாக வாசிக்க வேண்டும், பலகையில் புரியும்படி எழுத வேண்டும் என்பவைதான். பட்டம் கேட்கவில்லை. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் இப்படிப் பயிற்சி பெற்றவர். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் நடந்த பயிற்சி முடிந்து பேருந்தில் திரும்பியபோது, அவரும் உடன் வந்தவர்களும் வினோனா என்ற ஊரில் கைது செய்யப்பட்டார்கள். சிறையில் அவரை அடித்த அடியின் பாதிப்பு கடைசிவரை நீங்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் நாடே பார்க்கத் தொலைக்காட்சியில் அதை விவரித்தார்.

இயக்கத்துக்குள்ளும் செப்டிமாவுக்கு வழி எளிதாக இருக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இவர் ஏன் இருக்கிறார் என்று ஆண் தலைவர்கள் கேட்டார்கள். எல்லாப் போராட்டத்தையும் கிங் ஒருவரே முன்னின்று நடத்தாமல் ஊர் ஊராகத் தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று அவருக்கே கடிதம் எழுதினார் செப்டிமா. அது குழுவில் வாசிக்கப்பட்டபோது சிரித்தார்களாம். அதே கிங், 1964இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோது செப்டிமாவையும் அழைத்துச் சென்றார்.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அந்த மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்தது. படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்கலாம் என்றான பின்னும் வகுப்புகள் நிற்கவில்லை; காசோலையில் கையெழுத்துப் போடவும், பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கவும் வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1970இல் செப்டிமா ஓய்வு பெறும்போது அதுவரை நடந்த பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 900.

1975இல், 77 வயதில், சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளிக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த ஊரின் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாரோ, அந்த ஊர்ப் பள்ளிகளின் நிர்வாகத்தில் வாக்களிக்கும் இடத்துக்கு வந்திருந்தார். நீக்கம் நியாயமற்றது என்று ஒப்புக்கொண்டு, 1976இல் மாநில அரசு அவருடைய ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கியது. இடையில் இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. 1987 டிசம்பர் 15 அன்று, தன் முதல் பள்ளி இருந்த ஜான்ஸ் தீவில் அவர் காலமானார்.